பக்கத்து ஆஸ்பத்திரி எடுக்கும் முடிவு

நான் மயக்க மருந்து டாக்டர். எந்த ஆஸ்பத்திரியிலும் முழுநேர வேலையில் இல்லை. எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிற நர்சிங் ஹோம்களில் யார் கூப்பிட்டாலும் போவேன். ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளில், காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் தியேட்டருக்குள் நின்றிருக்கிறேன். அந்த இரண்டு ஆஸ்பத்திரி டாக்டர்களும் கல்யாண வீட்டில் பார்த்துக்கொண்டால் சிரித்துப் பேசுவார்கள். ஆனால் ஒருவர் தியேட்டரில் இன்னொருவர் கால் வைத்ததே இல்லை. எல்லா இடத்துக்கும் உள்ளே போய் வருகிறவர்கள் எங்களைப் போன்ற மயக்க மருந்து டாக்டர்கள் மட்டும்தான். எனக்குக் கேஸுக்கு இவ்வளவு என்றுதான் வருமானம். சுகப்பிரசவம் ஆனால் என்னை யாரும் கூப்பிடப்போவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் ஓயாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஏன் எல்லாருக்கும் வயித்தக் கிழிச்சே எடுக்கறாங்க? காசுக்குத்தானே?" காசு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டாக்டர்களுக்குப் பேராசை என்று சொல்லி முடித்துக்கொண்டால், நடப்பதில் பாதி கண்ணில் படாமலே போய்விடும். நான் வேலை பார்க்கும் மகப்பேறு டாக்டர்களில் பெரும்பாலானவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. நன்றாகப் படித்தவர்கள், பொறுமைசாலிகள், நடுராத்திரியில் கூப்பிட்டாலும் ஓடி வருகிறவர்கள். அவர்களையும் கத்தியை எடுக்க வைப்பது அதே ஊரில் இருக்கும் இன்னொரு ஆஸ்பத்திரி.

நாலு ஜவுளிக்கடை வந்தால் துணி விலை குறையும் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. ஆனால் உங்களுக்கு எத்தனை புடவை தேவை என்பதையும் கடைக்காரரே முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்தக் கணக்கு உதவாது. மருத்துவத்தில் அதுதான் நிலைமை. என்ன வேண்டும் என்று சொல்பவரும், அதைச் செய்பவரும், அதற்குப் பணம் வாங்குபவரும் ஒருவரே.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியா முழுவதும் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் நம் எண் 34.1. தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம், அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம். தெலங்கானாவின் தனியார் ஆஸ்பத்திரிகளில் 81.5. மக்கள்தொகை அளவில் பார்க்கும்போது சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய் சேய் இறப்பு அதற்கேற்பக் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இதை வைத்து 10க்கு மேல் உள்ளதெல்லாம் அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. பீகாரின் அரசு ஆஸ்பத்திரிகளில் வெறும் 3.6 சதவீதம்தான் சிசேரியன். ஆபரேஷன் தேவைப்பட்டும் கிடைக்காத பெண்கள் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட முடியாது.

எண்களை விட்டு லேபர் ரூமுக்குள் வருகிறேன்.

சிசேரியன்களில் ஒரு பகுதியில் விவாதத்துக்கே இடமில்லை. நஞ்சுக்கொடி கருப்பை வாயை முழுவதும் மூடியிருக்கிறது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, தொப்புள்கொடி முதலில் வெளியே வந்துவிட்டது, இதயத்துடிப்பு அறுபதுக்கு இறங்கி ஏறவே மாட்டேன் என்கிறது. இங்கெல்லாம் எந்த ஊரிலும் எந்த டாக்டரும் ஒரே முடிவைத்தான் எடுப்பார். இன்னொரு பகுதியிலும் விவாதம் இல்லை, மளமளவென்று பிறந்துவிடும் குழந்தைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. வலி மெதுவாகப் போகிறது, தலை இன்னும் இறங்கவில்லை, குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சிடிஜி காகிதத்தில் ஓடும் கோடு கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, பனிக்குடத் தண்ணீர் லேசாகக் குறைந்திருக்கிறது. காத்திருந்தாலும் தவறில்லை, எடுத்தாலும் தவறென்று சொல்ல முடியாது. போட்டி வேலை செய்வது இந்த நடுப் பரப்பில்தான்.

ஒரு கேஸைச் சொல்கிறேன். முதல் பிரசவம், 39 வாரம், காலையிலேயே வலி ஆரம்பித்து வந்த பெண். அந்த டாக்டரம்மா மெடிக்கல் காலேஜ் லேபர் வார்டில் வருடக்கணக்கில் கை பழகியவர், காத்திருக்கத் தெரிந்தவர். ராத்திரி ஏழு மணிக்குக் கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருந்தது. ஒன்பது மணிக்கும் அதே ஆறு. குழந்தையின் முகம் மேல் பக்கம் பார்த்திருந்ததால் தலை திரும்பி இறங்க நேரமாகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. துடிப்பு அருமையாக இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "சார், கிளம்பி வந்து ரூம்ல இருங்க. எடுக்கணுமான்னு இன்னும் முடிவு பண்ணல" என்றார்.

நான் போனபோது வராந்தாவில் அந்தப் பெண்ணின் மாமியார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். லேபர் ரூம் கதவு திறந்துதான் இருந்தது. "இங்க வேணாம்னு அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே? அங்க போயிருந்தா சாயங்காலமே புள்ளைய எடுத்துக் கையில குடுத்திருப்பாங்க." அந்த 'அங்க' எது என்று எல்லோருக்கும் தெரியும், இரண்டு தெரு தள்ளி. உள்ளே கையுறையோடு நின்றுகொண்டிருந்த டாக்டரம்மாவுக்கும் அது கேட்டது. கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அண்ணன் வந்து, "ரிஸ்க் எதுவும் எடுக்காதீங்க மேடம், எவ்வளவு செலவானாலும் பரவால்ல" என்றான். பத்து மணிக்கெல்லாம் நான் ஆபரேஷனுக்காக முதுகில் மரத்துப்போகும் ஊசி, ஸ்பைனல், போட்டுவிட்டேன். நல்ல எடையில் ஆண் குழந்தை, எடுத்தவுடன் வீறிட்டு அழுதான்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது அவர் சொன்னார்: "இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் விட்டிருந்தா தானாப் பொறந்திருக்கும் சார். ஆனா அந்தம்மா நாளைக்கு ஊர்ல பேசுற பேச்சுக்கு நான் பதில் சொல்லிட்டு இருக்க முடியாது."

அவர் சொன்னது மருத்துவப்படி சரிதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்று நாங்களெல்லாம் படித்த கணக்கின் வேர், 1955இல் இமானுவேல் ஃபிரீட்மன் நியூயார்க்கில் முதல் பிரசவத்துக்கு வந்த 500 பெண்களைப் பார்த்து வரைந்த வளைகோட்டில் இருக்கிறது. ஆறு சென்டிமீட்டருக்குப் பிறகு, பனிக்குடம் உடைந்து, நல்ல வலி இருந்தும் நாலு மணி நேரம் முன்னேற்றமே இல்லை என்றால்தான் பிரசவம் நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2014இல் வழிகாட்டுதலை மாற்றியது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகத்தை மட்டும் வைத்து ஆபரேஷனுக்குப் போகாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் சொல்லிவிட்டது. டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் எடுத்தார். மூன்றாம் நாள் அந்த வீட்டார் இனிப்புப் பெட்டியோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் சொல்ல வரும் விஷயம் இதுதான். காத்திருந்து சுகப்பிரசவம் ஆகியிருந்தால் அவருக்குக் கிடைப்பது கொஞ்சம் நல்ல பெயர். காத்திருந்து ஏதாவது ஒன்று ஆகியிருந்தால், அது ஆயிரத்தில் ஒன்றாக இருந்தாலும், ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம், வாட்ஸ்அப்பில் வீடியோ, கன்ஸ்யூமர் கோர்ட். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னதிலிருந்து இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. தேவையில்லாமல் எடுத்திருந்தாலோ ஒன்றுமே ஆகாது. அது தேவையில்லாத ஆபரேஷன் என்பது யாருக்கும், அந்தப் பெண்ணுக்கேகூட, தெரியப்போவதில்லை. ஊர் பேசுவது கைராசியை. குழந்தை நல்லபடியாக வந்ததா, சீக்கிரம் வந்ததா, டாக்டர் பக்கத்திலேயே இருந்தாரா என்பதுதான் கைராசியின் கணக்கு. தவிர்த்த ஆபரேஷன் அந்தக் கணக்கில் வராது. ஊரில் ஒரே ஆஸ்பத்திரி இருந்தால் இந்தக் கணக்கைப் பொருட்படுத்தாமல் காத்திருக்கலாம். ஆறு இருந்தால் முடியாது.

கொடி சுற்றிய கதையும் இதே வகை. "கொடி கழுத்துல சுத்தியிருக்கு, அதான் எடுத்தாங்க" என்று சொல்லும் தாய்மார்களை நீங்களும் நிறையப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குப் பிறக்கும்போது கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் விரலால் தளர்த்திவிட்டால் போதும். துடிப்பு நன்றாக இருக்கும்போது அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணமாகாது. ஆனால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி வந்துவிட்டால் குடும்பம் தூங்காது. "ஒண்ணும் ஆகாதும்மா, பார்த்துக்கலாம்" என்று ஒரு டாக்டர் சொன்னால், அந்த ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். அங்கே "உடனே அட்மிட் ஆயிடுங்க" என்று சொல்பவர்தான் அக்கறையானவராகத் தெரிவார்.

இனி காசு. பிரசவத்துக்குப் பெரும்பாலான இடங்களில் இப்போது பேக்கேஜ். எங்கள் பக்கத்தில் சிசேரியன் பேக்கேஜ் நார்மலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழு இன்சூரன்ஸ் பாலிசிகளிலும் பெரும்பாலும் சிசேரியனுக்கு ஒரு வரம்பு, நார்மலுக்கு அதைவிடக் குறைந்த வரம்பு. ஆனால் உழைப்பைப் பாருங்கள். சிசேரியன் முக்கால் மணி நேர வேலை. நார்மலுக்குப் பதினான்கு மணி நேரம் பக்கத்தில் ஒரு தேர்ந்த நர்ஸ் இருக்க வேண்டும், டாக்டர் நாலு தடவை வந்து பார்க்க வேண்டும், மறுநாள் ஓபி கெட்டுப்போகும். காத்திருப்பதற்கு யாரும் கட்டணம் தருவதில்லை.

போட்டி கூடும்போது இந்த இறுக்கமும் கூடுகிறது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக் குழுமம் ஒன்று ஊருக்குள் கிளை திறந்தால், பழைய நர்சிங் ஹோம்களும் லிஃப்ட் போட வேண்டும், ஏசி ரூம் கட்ட வேண்டும், புது ஸ்கேன் மெஷின் வாங்க வேண்டும். கடன் தவணை ஒன்றாம் தேதி வந்து நிற்கும். அப்புறம் ரெஃபரல். கிராமத்து கிளினிக்குகளையும் ஸ்கேன் சென்டர்களையும் தேடிப் போய்ப் பேசி வர பிஆர்ஓ என்று ஆள் போட்டிருக்கிறார்கள். கேஸ் அனுப்புகிறவர்களுக்குக் கமிஷன். நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகளில் தெளிவாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. தடை இருந்தும் அது ஓடுகிறது. சுகப்பிரசவ பில்லில் கமிஷன் கொடுக்கும் அளவுக்கு இடம் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கேஸைப் பிடிப்பதற்கு ஆகும் செலவை ஆபரேஷன் பில்லால் மட்டும்தான் தாங்க முடியும். நோயாளிக்காகப் போட்டி போடும் செலவு கடைசியில் நோயாளியின் வயிற்றில்தான் இறங்குகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை, நேற்று தொடங்கியதும் இல்லை. டாக்டர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த சோதனைகளில் மிகவும் உலுக்கியது 1934இல் நியூயார்க்கில் நடந்தது. பதினோரு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 61 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே டான்சிலை எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்களைப் பள்ளி டாக்டர்களிடம் காட்டியபோது 45 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் தேவை என்றார்கள். தேவையில்லை என்று விட்ட பிள்ளைகளை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தேவை என்று வந்தது. மறுபடியும் மிஞ்சியவர்களை மூன்றாவது முறை காட்டினார்கள், 44 சதவீதம். மூன்று சுற்று முடிந்தபோது ஆயிரத்தில் 65 பிள்ளைகள்தான் தப்பியிருந்தார்கள். இதில் போட்டியே கிடையாது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வேண்டியிருக்கும் என்ற எண்ணம் டாக்டர்களின் மனதில் முன்பே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். நடுப் பரப்பு எவ்வளவு அகலமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த அகலத்துக்குள்தான் பின்னால் சந்தை வந்து புகுந்துகொள்கிறது.

1973இல் ஜான் வென்பர்க்கும் ஆலன் கிட்டெல்சோனும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை ஊர் ஊராகப் பிரித்துக் கணக்கெடுத்தார்கள். ஒரு பகுதியில் சேர்ந்து வாழும் மக்களுக்கும் அடுத்த பகுதி மக்களுக்கும் நோயில் பெரிய வித்தியாசம் இல்லை. டான்சில் ஆபரேஷனில் மட்டும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த முடிவுகளை உள்ளூர் டாக்டர்களிடம் காட்டியபோது, அதிகமாக எடுத்துக்கொண்டிருந்த ஊரில் ஒருவர் முடிவை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன்கள் மளமளவென்று குறைந்தன. யாரையும் தண்டிக்கவில்லை. எண்ணைக் காட்டியது ஒன்றுதான் நடந்தது.

டாக்டர்கள் அதிகமானால் ஆபரேஷன் அதிகமாகிறதா? பொருளாதார அறிஞர் விக்டர் ஃபுக்ஸ் 1978இல் ஆமாம் என்றார். மக்கள்தொகைக்கு ஏற்ற சர்ஜன் எண்ணிக்கை 10 சதவீதம் கூடினால் ஆபரேஷன் சுமார் 3 சதவீதம் கூடுகிறது, கட்டணமும் குறைவதில்லை என்பது அவர் கண்டது. இதை நான் பல வருடங்கள் அப்படியே நம்பினேன். ஆனால் 1994இல் டேவிட் டிரானோவ், பால் வேனர் என்ற இருவர் இதே கணக்கு முறையைப் பிரசவத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். மகப்பேறு டாக்டர்கள் கூடினால் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடுவதாக விடை வந்தது! டாக்டரைப் பார்த்து யாரும் கர்ப்பமாவதில்லை. ஆக, டாக்டர்கள் ஆபரேஷனை உண்டாக்குகிறார்களா, ஆபரேஷன் நடக்கிற இடத்தைத் தேடி டாக்டர்கள் போகிறார்களா என்பதை அந்த முறையால் பிரிக்க முடியவில்லை. போட்டிதான் எல்லாத் தீமைக்கும் காரணம் என்று எழுதுகிறவர்கள் இந்த ஆய்வைத் தவிர்த்துவிட்டுப் போவது எனக்குப் பிடிப்பதில்லை.

இதைவிட உறுதியான சான்று ஒன்று 1996இல் வந்தது. ஜோனதன் குரூபரும் மரியா ஓவிங்ஸும் டாக்டர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிறப்புகள் குறைந்ததைப் பார்த்தார்கள். 1970க்கும் 1982க்கும் நடுவே அமெரிக்காவில் பிறப்பு விகிதம் 13.5 சதவீதம் விழுந்தது. மகப்பேறு டாக்டர்களுக்கு வரும் கேஸ் குறைந்தது. எந்த மாநிலங்களில் பிறப்பு அதிகமாக விழுந்ததோ அங்கே சிசேரியன் விகிதம் அதிகமாக ஏறியது. அந்தக் காலத்து மொத்த ஏற்றத்தில் ஒரு பகுதியைத்தான் இது விளக்குகிறது என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு நம் மாநிலத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. பிறக்கும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கிறது. மிச்சத்துக்குத்தான் தனியார்கள் அடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம் ஆண்டுக்கு 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்கள் இருக்கிற மாநிலம் இது. மேற்படிப்பு முடித்து, பெரும் கடனோடு புது டாக்டர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு ஊரில் மாதம் நூறு பிரசவத்தை நாலு பேர் பார்த்த இடத்தில் ஐம்பதை எட்டுப் பேர் பார்த்தால் ஒவ்வொருவரும் எப்படி முடிவெடுப்பார்கள்?

இன்னொரு ஆய்வு. டாக்டர்களே தாயாகும்போது என்ன நடக்கிறது என்று எரின் ஜான்சனும் மரித் ரெஹாவியும் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். டாக்டராக இருக்கும் தாய்மார்களுக்கு மற்றவர்களைவிட சுமார் 10 சதவீதம் குறைவாகவே சிசேரியன் நடக்கிறது. கேள்வி கேட்கத் தெரிந்தவர்களிடம் நடுப் பரப்பு சுருங்கிவிடுகிறது. எங்கள் வட்டாரத்திலும் கூட வேலை பார்க்கும் டாக்டரின் மனைவி லேபரில் இருந்தால் எல்லோரும் பொறுமையாகக் காத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். போட்டிதான் காரணம் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் 36 சதவீதம் ஏன்? அங்கே கேஸைப் பிடிக்க வேண்டியதில்லை, பில்லும் இல்லை. இதற்கு என்னிடம் இருக்கும் பதில் ஒன்றல்ல. தனியாரில் தொடங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை சிக்கலான கேஸ்களெல்லாம் கடைசியில் அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வருகின்றன. முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் அதுதான், அது எங்கே நடந்தாலும். தாய் இறப்பு ஒவ்வொன்றையும் விசாரித்து விளக்கம் கேட்கும் நடைமுறை இங்கே கடுமையாக இருக்கிறது. அதனால்தான் 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய் இறப்பு என்ற அளவுக்கு வர முடிந்தது, நல்லது. ஆனால் இறப்புக்கு விளக்கம் கேட்பவர்கள் தேவையில்லாத சிசேரியனுக்கு விளக்கம் கேட்பதில்லை. ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டிய நர்ஸ் ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பார்க்கிறார். அரசு டாக்டர்கள் மாலையில் தனியாக பிராக்டிஸ் செய்யலாம் என்பதால் ஒரு பக்கத்துப் பழக்கம் இன்னொரு பக்கத்துக்கும் வந்துவிடுகிறது. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிற குடும்பங்களும் இருக்கத்தான் செய்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேல், 36க்கும் 63.8க்கும் உள்ள இடைவெளி இருக்கிறது. சிக்கலான கேஸ்கள் அதிகமாக வரும் இடத்தில் எண் குறைவாகவும், சிக்கல் குறைந்த, வசதியான பெண்கள் வரும் இடத்தில் எண் அதிகமாகவும் இருப்பதை வேறு எப்படிப் புரிந்துகொள்வது?

"எடுத்தா என்ன, அம்மாவும் புள்ளையும் நல்லாத்தானே இருக்காங்க" என்பார்கள். என் கவலை அந்தக் குழந்தையோடு முடிவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். நஞ்சு கீழே இறங்கியிருக்கும் பெண்களில் அப்படி ஆழமாகப் பதிந்துபோகும் ஆபத்து, முதல் சிசேரியனுக்கு வருகிறவர்களிடம், அதாவது முன்பு தழும்பே இல்லாதவர்களிடம், 3 சதவீதம், இரண்டாவது சிசேரியனுக்கு வருகிறவர்களிடம் 11, மூன்றாவதுக்கு வருகிறவர்களிடம் 40 என்று 2006இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த மாதிரி கேஸில் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். நஞ்சைத் தொட்டதும் ரத்தம் ஊற்றெடுக்கும். இரண்டு கையிலும் பெரிய ஊசி போட்டு ரத்தப் பையைப் பிழிந்து ஏற்றிக்கொண்டிருப்பேன், சக்ஷன் பாட்டில் நிறைந்துகொண்டே இருக்கும், பிபி எழுபதைத் தாண்டாது. கருப்பையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்று வெளியே போய் ஒருவர் புருஷனிடம் கையெழுத்து வாங்கி வருவார். அந்தப் பெண்ணின் முதல் சிசேரியன் ஏன் நடந்தது என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டினால், "ஃபெயில்ட் புரோக்ரஸ்", அதாவது பிரசவம் முன்னேறவில்லை என்று, இரண்டு வார்த்தை இருக்கும். எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள் என்பது எழுதியிருக்காது.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆஸ்பத்திரி மட்டும் இருக்கும் ஊரில் அதன் அலட்சியத்தையும் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2006இல் நோயாளிகளே ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கொண்டுவந்தபோது, கட்டணத்தை அரசே எல்லோருக்கும் ஒன்றாக நிர்ணயித்திருந்தது. ஆஸ்பத்திரிகள் அதிகமாக இருந்த பகுதிகளில் மாரடைப்பு இறப்பு வேகமாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே விலையில் விளையாட இடமில்லை. நம் ஊரில் போட்டி நடப்பது கட்டடத்திலும், வேகத்திலும், கைராசியிலும், கமிஷனிலும்.

இரண்டு விஷயங்களை மாற்ற முடியும் என்று நினைக்கிறேன். ஒன்று கட்டணம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் 2009இல் நார்மலுக்கும் சிசேரியனுக்கும் ஒரே தொகை என்று ஆக்கினார்கள். சிசேரியன் சுமார் 3 சதவீதப் புள்ளி குறைந்தது. பெரிய வீழ்ச்சி இல்லை, ஆனால் ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் வந்த பலன். நம் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இரண்டு வரம்புகளை ஒன்றாக்கலாம்.

இரண்டாவது, எண்ணை வெளியே கொண்டுவருவது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மீ எண் என்ற அரசுப் பதிவு எண் உண்டு. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும் என்பதால் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பதிகிறார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வகைப் பிரசவம் என்ற விவரம் அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. மொத்த சிசேரியன் விகிதத்தை அப்படியே போட்டால் சிக்கலான கேஸ் பார்க்கும் ஆஸ்பத்திரிகளுக்குக் கெட்ட பெயர் வரும், யாரும் அத்தகைய கேஸைத் தொட மாட்டார்கள். அதற்கும் வழி இருக்கிறது. பிரசவத்துக்கு வரும் பெண்களைப் பத்துப் பிரிவாகப் பிரிக்கும் ராப்சன் முறையை உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. அதில் முதல் பிரிவு: முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, 37 வாரம் முடிந்து தானாக வலி வந்தவர்கள். இவர்களுக்குள் எத்தனை பேருக்கு சிசேரியன் ஆனது என்ற ஒரே ஒரு எண் போதும்.

இதை மேலே சொன்ன டாக்டரம்மாவிடம் பேசிப் பார்த்தேன். "என் எண்ணை நாளைக்கே வாசல்ல எழுதி வைக்கிறேன் சார். ஆனா நான் மட்டும் வச்சா, முப்பது பர்சன்ட் கிழிக்கிறாங்கன்னுதான் ஊர் பேசும். அங்க எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாதே" என்றார். அவர் சொல்வது முழுக்க நியாயம். தனியாக ஒருவர் தொடங்கினால் அவருக்குத்தான் அடி விழும். அதனால் இதை டாக்டர்களின் நல்ல மனசுக்கு விடக்கூடாது. மாவட்ட ஜேடி (சுகாதாரத் துறை இணை இயக்குநர்) ஆபீஸ் எல்லா ஆஸ்பத்திரிகளின் எண்ணையும், அரசு ஆஸ்பத்திரி உட்பட, ஒரே நாளில் ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். எங்கள் ஊர் டாக்டர்கள் சிலரும் நானும் சேர்ந்து அப்படி ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி தேடிக்கொண்டிருந்தால், மனுவின் முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் கேளுங்கள்: "முதல் பிரசவம், தானா வலி வந்து வர்றவங்கள்ல உங்ககிட்ட எத்தனை பேருக்கு சிசேரியன் ஆகுது மேடம்?"